புத்தகமும் பாட்டும் இணையத்தில்: காசு எந்த வழியாக வருகிறது, எங்கே ஒழுகுகிறது

ஒரு பிரதி விற்றால் இவ்வளவு என்று கணக்குப் போட்ட காலம் முடிந்துவிட்டது. 2003 ஏப்ரலில் ஆப்பிளின் ஐடியூன்ஸ் இணையக் கடை ஒரு பாட்டை 99 சென்ட்டுக்கு விற்கத் தொடங்கியபோதும் விற்றது ஒரு பொருளைத்தான். ஆல்பத்தை உடைத்து உதிரியாக விற்றார்கள், அவ்வளவே. 2008 அக்டோபரில் ஸ்பாட்டிஃபை வந்த பிறகு அந்தப் பொருளே மறைந்தது. கேட்பவர் மாதச் சந்தா கட்டுகிறார், எதையும் வாங்குவதில்லை. 2024இல் உலக இசைப்பதிவுத் துறையின் வருமானம் 2,960 கோடி டாலர் என்கிறது இசைப்பதிவு நிறுவனங்களின் உலக அமைப்பான ஐஎஃப்பிஐ. அதில் 69 சதவீதம் ஸ்ட்ரீமிங்கில், அதாவது வாங்காமல் இணையத்தில் ஓடவிட்டுக் கேட்பதில், வந்தது. புத்தகம் இத்தனை வேகமாக மாறவில்லை, ஆனால் போகிற பாதை அதேதான்: 2007 நவம்பரில் அமேசானின் மின்னூல் கருவி கிண்டில், 2014 ஜூலையில் கிண்டில் அன்லிமிடெட் சந்தா, 2015 ஜூலை முதல் படித்த பக்கத்துக்குக் காசு.

இதனால் எழுதுகிறவருக்கும் பாடுகிறவருக்கும் வருமானம் ஒரே காசோலையில் வருவதில்லை. பல மடைகள் வழியாகச் சிறிது சிறிதாக வருகிறது. ஒரு மடை அடைத்திருந்தால் அதில் வரவேண்டியது நடுவழியில் தேங்கிவிடும். அமெரிக்காவில் மெக்கானிக்கல் ராயல்டியை (பாட்டின் சொல்லையும் மெட்டையும் நகலெடுப்பதற்காக அவற்றைப் படைத்தவருக்குச் சேரும் பங்கு) வசூலிக்க அமைக்கப்பட்ட எம்எல்சி அமைப்பிடம் 2021 பிப்ரவரியில் ஸ்ட்ரீமிங் நிறுவனங்கள் பழைய பாக்கியை ஒப்படைத்தன. பாட்டு யாருடையது என்று பொருத்த முடியாமல் கிடந்த அந்தத் தொகை மட்டும் 42 கோடி டாலருக்கு மேல். பாட்டைக் கேட்க ஆள் இருந்தார்கள், பணமும் வந்தது, உரியவரின் பெயர்தான் சேரவில்லை. இந்த வழிகாட்டியின் பெரும்பகுதி அந்தப் பெயரைச் சரியாகச் சேர்ப்பதைப் பற்றியது.

முதல் வேலை: உரிமையைப் பிரித்து எழுதுவது

கோப்பை எங்கும் ஏற்றுவதற்கு முன் ஒரு எக்செல் ஷீட்டைத் திறந்து ஐந்து பத்திகள் போடுங்கள்: எந்த உரிமை, எந்த மொழி, எந்த நாடு, எத்தனை ஆண்டு, இப்போது யாரிடம். புத்தகத்துக்கு அச்சு, மின்னூல், ஒலிநூல், மொழிபெயர்ப்பு, திரைவடிவம் எல்லாம் தனித்தனி வரி. பாட்டுக்கு இரண்டு பெரிய பிரிவுகள் உண்டு. சொல்லும் மெட்டும் சேர்ந்த படைப்பு ஒன்று. அதை ஒலிப்பதிவு செய்த மாஸ்டர் இன்னொன்று. இரண்டும் வெவ்வேறு சொத்து, வெவ்வேறு ஆட்களிடம் இருக்கலாம், பணமும் வெவ்வேறு வழியில் வரும். இந்த ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொண்டால் இசைத்துறையின் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

ஒப்பந்தம் ஏற்கெனவே இருந்தால் அதில் மூன்று இடங்களைத் தேடிப் படியுங்கள். 'இப்போதுள்ள, இனி வரப்போகும் எல்லா வடிவங்களிலும்' என்ற தொடர் இருந்தால் ஒலிநூலும், நாளை வரப்போகிற வேறு வடிவமும் சேர்ந்து போய்விட்டன என்று பொருள். கையெழுத்துக்கு முன் அதை அடித்துவிட்டு வடிவங்களைப் பெயர் சொல்லி எழுதச் சொல்லுங்கள். இரண்டாவது, உரிமை திரும்பி வரும் விதி. 'அச்சில் இல்லாமல் போனால் உரிமை எழுத்தாளருக்குத் திரும்பும்' என்பது பழைய வாசகம். கேட்டால் மட்டும் ஒரு பிரதி அச்சிடும் பிரிண்ட் ஆன் டிமாண்ட் முறையிலும் மின்னூலிலும் எந்த நூலும் அச்சில் இல்லாமல் போவதே கிடையாது. அதனால் அந்த விதி செத்துப்போன விதி. அதற்குப் பதிலாக, 'தொடர்ந்து 12 மாதத்தில் இத்தனை பிரதிக்குக் கீழே விற்றால் எழுதிக் கேட்ட 90 நாளில் உரிமை திரும்பும்' என்று எண்ணைப் போட்டு எழுத வேண்டும். மூன்றாவது, செயற்கை நுண்ணறிவுப் பயிற்சிக்குப் படைப்பைக் கொடுக்கலாமா என்ற வரி. எதுவும் எழுதாமல் விடுவது ஆபத்து. கொடுப்பதாக இருந்தாலும் மறுப்பதாக இருந்தாலும் சொல்லில் இருக்கட்டும்.

விற்பனை, பொது உண்டியல், நேரடி

இன்று இருக்கும் எல்லா வணிக முறையும் இந்த மூன்றில் ஏதாவது ஒன்றில் அடங்கும். விற்பனையில் விலையில் ஒரு பங்கு. நேரடியில் வாசகர் உங்களிடமே வாங்குகிறார். பொது உண்டியல்தான் பலருக்கும் பிடிபடாதது, அதனால் அதை ஒரு சின்னக் கணக்கில் பார்ப்போம்.

சந்தாதாரர்கள் இரண்டே பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். இருவரிடமிருந்தும் உரிமைதாரர்களுக்காக 7, 7 என்று மொத்தம் 14 உண்டியலில் விழுகிறது. முதல் ஆள் மாதம் முழுக்க உங்கள் பாட்டை மட்டும் 10 தடவை கேட்டார். இரண்டாமவர் மற்றவர்களின் பாட்டை 990 தடவை கேட்டார். மொத்தம் 1,000 கேட்பு, அதில் உங்களுடையது 10. உங்கள் பங்கு 14இல் நூற்றில் ஒன்று, அதாவது 0.14. உங்களை மட்டுமே கேட்ட ரசிகர் கட்டிய 7இல் மீதி 6.86 அவர் கேட்டேயிராதவர்களுக்குப் போகிறது. பெரும்பாலான ஸ்ட்ரீமிங் நிறுவனங்கள் பங்கிடும் அடிப்படை இதுதான். ஒவ்வொரு சந்தாதாரரின் பணத்தையும் அவர் கேட்டவர்களுக்கே பிரிக்கும் முறையில் அந்த 7 முழுதும் உங்களுக்கு வந்திருக்கும். சவுண்ட்கிளவுட் 2021இல் தனிக் கலைஞர்களுக்காக அதைக் கொண்டுவந்தது. கிண்டில் அன்லிமிடெட்டும் உண்டியல்தான்: மாதம் ஒரு மொத்த நிதி, அதைப் படிக்கப்பட்ட பக்கங்களின் கணக்கில் பங்கிட்டுக் கொடுக்கிறார்கள். பக்கத்துக்கு எவ்வளவு என்பது மாதம் முடிந்த பிறகே தெரியும்.

இதிலிருந்து நடைமுறையில் எடுத்துக்கொள்ள வேண்டியது: உண்டியல் அளவை நம்புகிறது, ஆழத்தை மதிப்பதில்லை. சின்ன, ஆனால் உறுதியான வாசகர் கூட்டம் உள்ளவர் உண்டியலை விளம்பரமாக வைத்துக்கொண்டு, வருமானத்தை விற்பனையிலும் நேரடியிலும் தேட வேண்டும். பல பாகங்களாக வேகமாக எழுதுகிறவருக்கும், பின்னணியில் ஓடவிட்டு மணிக்கணக்கில் கேட்கத்தக்க இசை செய்கிறவருக்கும் உண்டியலே பொருந்தும்.

மின்னூல்

கோப்பிலிருந்து தொடங்குவோம், தமிழில் பாதி நூல்கள் சறுக்குவது அங்கேதான். பாமினி, டாப், டாம் போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டியதை முதலில் எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான யூனிகோடுக்கு மாற்றுங்கள். மாற்றிய பின் கண்ணுக்குச் சரியாகத் தெரிந்தாலும் நம்பாதீர்கள். 'கொ' என்ற எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம்: க-வுடன் ஒற்றைக் குறியாக ஒகரக் குறி, அல்லது க-வுடன் ஒற்றைக் கொம்பும் காலும் தனித்தனியாக. திரையில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். ஆனால் வாசகர் 'கொடி' என்று தேடினால் இரண்டாவது வகை அகப்படாமல் போகலாம், கடையின் தேடுபெட்டியிலும் தலைப்பு சிக்காமல் போகலாம். தீர்வு எளிது: முழுக் கோப்பையும் என்எஃப்சி வடிவத்துக்கு (இப்படி இரண்டு விதமாக எழுதியதை ஒரே விதமாக்கும் யூனிகோடு முறை) மாற்றும் கட்டளையை உரைத் தொகுப்பானில் ஒருமுறை ஓட்டுங்கள். அது சரிசெய்யாதவை சில உண்டு, அவற்றைத் தேடி மாற்ற வேண்டும்: காலுக்குப் பதில் ரகரம், 'எ'வுக்குப் பதில் ஏழைக் குறிக்கும் தமிழ் எண், ஔகாரத்துக்குப் பதில் ஒகரமும் ளகரமும்.

அடுத்து அமைப்பு. அத்தியாயத் தலைப்பைத் தடித்த எழுத்தாக மட்டும் மாற்றினால் போதாது. வேர்டில் 'ஹெடிங் 1' ஸ்டைல் கொடுங்கள். பொருளடக்கம் அதிலிருந்துதான் தானாக உருவாகிறது. அடுத்த பக்கத்துக்குப் போக என்டர் விசையைத் தட்டிக்கொண்டே போகாதீர்கள், பேஜ் பிரேக் போடுங்கள். கைபேசியில் எழுத்தைப் பெரிதாக்கியதும் அந்த வெற்று வரிகள் வெற்றுப் பக்கங்களாக மாறிவிடும். கவிதை வரிகளை ஸ்பேஸ் தட்டி உள்ளே தள்ளக் கூடாது, ஸ்டைலில் இடம் விட வேண்டும்.

மின்னூலுக்கான இபப் கோப்பு என்பது உண்மையில் ஒரு ஜிப் பொட்டலம். அதற்குள் முதலாவதாக 'மைம்டைப்' என்ற சிறு கோப்பு, சுருக்கப்படாமல் இருந்தாக வேண்டும். உள்ளே ஒரு பிழையைத் திருத்திவிட்டுச் சாதாரண ஜிப் மென்பொருளில் மறுபடி கட்டினால் இந்த வரிசை குலைந்து, நன்றாக இருந்த நூலைக் கடை திருப்பி அனுப்பும். திருத்தத்தைச் சிகில் போன்ற இபப் தொகுப்பானிலேயே செய்யுங்கள். ஏற்றுமுன் இபப்செக் இலவசக் கருவியில் ஓட்டிப் பிழை பூஜ்யம் என்று வந்த பிறகே கையை எடுங்கள். எழுத்துருவை உள்ளே வைப்பதானால் அதற்கு உரிமம் வேண்டும். நோட்டோ செரிஃப் தமிழ் திறந்த உரிமத்தில் கிடைக்கிறது.

விலைக்கு வருவோம். அமேசானில் நூலை நாமே வெளியிடும் கிண்டில் டைரக்ட் பப்ளிஷிங்கில் (சுருக்கமாக கேடிபி) இரண்டு ராயல்டி முறைகள்: 35 சதவீதம், 70 சதவீதம். எழுபதுக்கு அமெரிக்கக் கடையில் விலை 2.99 முதல் 9.99 டாலருக்குள் இருக்க வேண்டும். அதோடு கோப்பின் ஒவ்வொரு மெகாபைட்டுக்கும் 15 சென்ட் அனுப்பும் செலவாகக் கழிக்கப்படும். 4.99 விலையில் 2 மெகாபைட் நாவல் என்றால் 30 சென்ட் கழிந்து, மீதி 4.69இல் 70 சதவீதம், 3.28 டாலர். அதே விலையில் 20 மெகாபைட் படப்புத்தகம் என்றால் 3 டாலர் கழிந்து, மீதி 1.99இல் 70 சதவீதம், 1.39தான். 35 சதவீதத்தைத் தேர்ந்தெடுத்திருந்தால் அனுப்பும் செலவு கிடையாது, 1.75 கிடைத்திருக்கும்! இரண்டும் சமமாகும் இடம் கோப்பு ஏறக்குறைய 16.6 மெகாபைட் ஆகும்போது. வேறு விலைக்கு இந்த எல்லையை அறிய, விலையை 0.30ஆல் வகுத்தால் போதும். படங்கள் நிறைந்த நூலென்றால் படத்தைச் சுருக்குவதே முதல் சம்பாத்தியம்.

விலையை 9.99க்கு மேலே ஏற்றினாலும் இதே கதை. 12.99க்கு விற்றால் 35 சதவீதத்தில் 4.55 வரும், 9.99க்கு 1 மெகாபைட் நூலை விற்றால் 6.89 வரும். இந்தியா, பிரேசில், மெக்சிகோ, ஜப்பான் ஆகிய நாடுகளில் விற்பதற்கு 70 சதவீதம் வேண்டுமானால் மின்னூலை அமேசானில் மட்டும் வைக்கும் கேடிபி செலக்ட் திட்டத்தில் சேர வேண்டும். அதில் சேர்ந்தால் 90 நாள் மின்னூல் வேறெங்கும் இருக்கக் கூடாது. உங்கள் வலைப்பூவில் இலவசமாகக்கூட. மாதிரிக்காக 10 சதவீதம் வரை வெளியே வைக்கலாம், அச்சு நூலுக்குத் தடையில்லை. 90 நாள் முடிந்ததும் அது தானாகப் புதுப்பித்துக்கொள்ளும். வேறு கடைக்குப் போக நினைப்பவர் முதலில் தானாகப் புதுப்பிக்கச் சொல்லும் பெட்டியின் டிக்கை எடுத்து, காலம் முடிந்த மறுநாள்தான் மற்றக் கடைகளில் ஏற்ற வேண்டும். அவசரப்பட்டு ஒரு வாரம் முன்பே ஏற்றினால் விதி மீறல். கணக்கே கைவிட்டுப் போகலாம்.

ஏற்றும் படிவத்தில் 7 தேடுசொல் பெட்டிகள், 3 பிரிவுகள், 4,000 எழுத்து வரை நூல் அறிமுகம் உண்டு. தலைப்பில் இருக்கும் சொல்லைத் தேடுசொல்லில் திரும்பப் போடுவது வீண். வாசகர் தட்டக்கூடிய தொடரைப் போடுங்கள், ரோமன் எழுத்தில் தட்டுகிறவர்களையும் நினைத்துக்கொள்ளுங்கள். அட்டைப்படம் உயரம் 2,560 பிக்சல், அகலம் 1,600 பிக்சல். அதைத் தபால்தலை அளவுக்குச் சுருக்கி, தலைப்பைப் படிக்க முடிகிறதா என்று பாருங்கள், கடையில் வாசகர் முதலில் பார்ப்பது அந்த அளவில்தான். செயற்கை நுண்ணறிவு உருவாக்கிய உரையோ படமோ இருக்கிறதா என்று 2023 செப்டம்பர் முதல் படிவத்தில் கேட்கிறார்கள், உண்மையைச் சொல்லிவிடுங்கள். முன்பதிவு போட்டால் இறுதிக் கோப்பை வெளியீட்டுக்கு 72 மணி நேரம் முன்பே ஏற்றியாக வேண்டும்.

அச்சு: எப்போது ஆயிரம், எப்போது ஒன்று

மொத்தமாக அச்சிடும் ஆஃப்செட்டில் தட்டு, அமைப்பு என்று ஆரம்பச் செலவு பெரியது, பிரதிக்குச் செலவு குறைவு. ஒவ்வொன்றாக அச்சிடும் முறையில் ஆரம்பச் செலவு இல்லை, பிரதிக்குச் செலவு அதிகம். ஆரம்பச் செலவு 1,000, பிரதிக்கு 2 ஒரு பக்கம். பிரதிக்கு 4 மறுபக்கம் என்றால் 500 பிரதியில் இரண்டும் சமம். ஆனால் ஒப்பிட வேண்டியது அச்சிட்ட எண்ணிக்கையை வைத்தல்ல, விற்ற எண்ணிக்கையை வைத்து. 1,000 அடித்து 400 விற்றால் விற்ற ஒவ்வொரு பிரதிக்கும் ஆன செலவு 7.50. கிடங்கு வாடகையும் திரும்பி வரும் பிரதிகளும் இதற்கு மேல். முதல் நூலுக்கு ஒவ்வொன்றாக அச்சிடுவதே எங்கள் பரிந்துரை. முதல் ஆறு மாத விற்பனையைப் பார்த்த பிறகு மொத்தமாக அடிக்கலாம்.

அட்டைக் கோப்பில் பெரும்பாலும் பிசகுவது முதுகின் அகலம். கேடிபியில் க்ரீம் தாளுக்குப் பக்கம் ஒன்றுக்கு 0.0025 அங்குலம், வெள்ளைத் தாளுக்கு 0.002252. 200 பக்க நூலுக்கு க்ரீமில் முதுகு 0.5 அங்குலம். 6க்கு 9 அளவு நூலென்றால் முழு அட்டை: இடது ஓரம் வெட்டுக்கு 0.125, பின்னட்டை 6, முதுகு 0.5, முன்னட்டை 6, வலது ஓரம் 0.125, மொத்தம் 12.75 அங்குல அகலம், உயரம் 9.25. கடைசி நேரத்தில் தாளை வெள்ளைக்கு மாற்றினால் முதுகு ஒரு மில்லிமீட்டருக்கு மேல் குறைந்து எழுத்து அட்டைப்பக்கம் வழுக்கும். பக்க எண்ணிக்கை இறுதியாகும் வரை அட்டையை முடிக்காதீர்கள். 79 பக்கத்துக்குக் குறைந்தால் முதுகில் எழுத்தே போட முடியாது. நூலின் அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன் வடிவத்துக்கு ஒன்று: சாதா அட்டைக்கு ஒன்று, கெட்டி அட்டைக்கு இன்னொன்று, இபப்புக்கு வேறொன்று. கடை இலவசமாகத் தரும் எண்ணை வாங்கினால் பதிப்பாளர் இடத்தில் உங்கள் பதிப்பகத்தின் பெயர் வராது, அந்த எண்ணை வேறு அச்சகத்துக்குக் கொண்டுபோக முடியாது.

பாட்டு

ஒலிப்பதிவு நடக்கும் அன்றே, எல்லாரும் ஒரே அறையில் இருக்கும்போதே, பங்குத்தாள் எழுதுங்கள். பாட்டு ஓடிய பிறகு எழுத உட்கார்ந்தால் சண்டைதான். தாளில் இரண்டு தனி நூறு சதவீதங்கள் வேண்டும். படைப்புக்கு ஒரு நூறு: பாடலாசிரியர் 50, இசையமைப்பாளர் 50 என்பதுபோல. மாஸ்டருக்கு ஒரு நூறு: பதிவுக்குப் பணம் போட்டவர், பாடகர், புரொடியூசர் என்று யார் யாருக்கு எவ்வளவு. ஒவ்வொருவரின் சட்டப் பெயர், மேடைப்பெயர், ராயல்டி வசூலிக்கும் உரிமைச் சங்கத்தின் பெயர், சங்க உறுப்பினருக்கான ஐபிஐ அடையாள எண், கையெழுத்து, தேதி. கூட்டினால் 105 வருகிற மாதிரி இருவர் தனித்தனியே பதிந்துவிட்டால் வசூல் அமைப்பு அந்தத் தொகையை நிறுத்தி வைத்துவிடும். தீர்த்துக்கொண்டு வாருங்கள் என்பார்கள்.

ஐஎஸ்ஆர்சி என்பது ஒலிப்பதிவின் அடையாள எண்: 12 குறிகள், முதல் இரண்டு எழுத்துகளுக்குப் பின் பதிந்தவருக்கு மூன்று, ஆண்டுக்கு இரண்டு, வரிசைக்கு ஐந்து. ஒரு பதிவுக்கு ஒரே எண், ஆயுள் முழுதும். அதே பாட்டின் மேடைப் பதிவு, ரீமிக்ஸ், கரோக்கி எல்லாம் புதுப் பதிவு, புது எண். படைப்புக்கு ஐஎஸ்டபிள்யுசி என்ற வேறு எண்ணைச் சங்கம் கொடுக்கும். இந்த இரண்டையும் ஒரே வரியில் சேர்த்து வைப்பதுதான் உங்கள் எக்செல் ஷீட்டின் உயிர்.

கோப்பு: 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 அல்லது 24 பிட் வேவ் (சுருக்கப்படாத ஒலிக்கோப்பு). எம்பி3யை வேவாக மாற்றி ஏற்றாதீர்கள், போன ஒலி திரும்பாது. பதிவின் இறுதி ஒலிச்சீரமைப்பான மாஸ்டரிங்கில் சத்தத்தை முட்டவைக்கும் பழக்கம் இன்று பயனற்றது. ஸ்பாட்டிஃபை எல்லாப் பாட்டையும் சுமார் மைனஸ் 14 எல்யுஎஃப்எஸ் (காதில் படும் சத்தத்தின் அலகு) அளவுக்குச் சமன்செய்கிறது. மைனஸ் 7இல் கொடுத்தால் அதை 7 டெசிபல் இறக்கித்தான் ஒலிக்கவிடும். நெரித்ததால் அடங்கிப்போன மிருதங்கத்தின் முதல் அடி மட்டும் திரும்பி வராது. உச்சத்தை மைனஸ் 1 டெசிபல் ட்ரூ பீக்கில் (அலையின் உண்மையான உச்ச அளவு) நிறுத்துங்கள், சுருக்கும்போது அலையின் முனை கொஞ்சம் எகிறும், அதற்கு இடம் வேண்டும்.

உங்கள் பாட்டை ஸ்ட்ரீமிங் நிறுவனங்களுக்குக் கொண்டுசேர்க்கும் விநியோகஸ்தரைத் தேர்வதில் மூன்று வகைக் கட்டணம்: ஆண்டுச் சந்தா, வெளியீட்டுக்கு ஒருமுறை, வருமானத்தில் கமிஷன். ஆண்டுக்கு 25 டாலர் ஒரு பக்கம், 15 சதவீதக் கமிஷன் மறுபக்கம் என்றால் ஆண்டு வருமானம் 167 டாலரைத் தாண்டிய பிறகே சந்தா லாபம். சந்தாவை நிறுத்தினால் பாட்டுகள் இறங்கிவிடுமா என்பதைச் சேரும் முன் கேளுங்கள். பல இடங்களில் இறங்கிவிடும்.

ஏற்றும் நாளுக்கு வருவோம். உலகம் முழுக்க 2015 ஜூலை முதல் வெளியீட்டு நாள் வெள்ளிக்கிழமை. அதற்கு நான்கு வாரம் முன்பே ஏற்றிவிடுங்கள். ஸ்பாட்டிஃபையின் ஆசிரியர் குழுவுக்கு அனுப்பும் படிவத்தைக் குறைந்தது 7 நாள் முன்பே கொடுத்தால் உங்களைப் பின்தொடர்பவர்களின் ரிலீஸ் ரேடார் என்ற புதுப்பாட்டுப் பட்டியலில் அந்தப் பாட்டு வரும். அட்டை 3,000க்கு 3,000 பிக்சல் சதுரம். அதில் இணைய முகவரியோ விலையோ இருந்தால் திருப்பி அனுப்புவார்கள். பெயரை ரோமன் எழுத்தில் ஒரே விதமாக எழுதுங்கள். ஓரிடத்தில் 'டிஎச்' போட்டு, இன்னோரிடத்தில் வெறும் 'டி' போட்டால் இரண்டு கலைஞர் பக்கம் உருவாகி, கேட்பவர்கள் இரண்டாகப் பிரிவார்கள். அதே பெயரில் வேறொருவர் இருந்தால் ஏற்றும்போதே உங்கள் பக்கத்தின் முகவரியைக் கொடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் பாட்டு அவர் வீட்டில் போய் இறங்கும்.

இனி மடைகள். விநியோகஸ்தர் கொண்டுவருவது மாஸ்டரின் பங்கை மட்டும். படைப்பின் பங்கு அவரிடம் வராது; அதற்கு ஐபிஆர்எஸ் (இந்தியா), பிஆர்எஸ் (பிரிட்டன்), ஆஸ்காப், பிஎம்ஐ (அமெரிக்கா) போன்ற சங்கம் ஒன்றில் உறுப்பினராகி ஒவ்வொரு பாட்டையும் பதிய வேண்டும். அமெரிக்காவில் ஸ்ட்ரீமிங்கின் மெக்கானிக்கல் ராயல்டி 2021 ஜனவரி முதல் எம்எல்சி வழியாக வருகிறது. உங்கள் சங்கமோ பப்ளிஷரோ (படைப்பின் உரிமையை நிர்வகிப்பவர்) அங்கே உங்களுக்காகப் பதிகிறாரா என்று எழுதிக் கேட்டுக்கொள்ளுங்கள், இல்லையென்றால் நீங்களே பதியலாம். அமெரிக்க இணைய வானொலியில் ஒலித்தால் சவுண்ட்எக்ஸ்சேஞ்ச் வசூலிக்கும்: 50 சதவீதம் மாஸ்டர் உரிமையாளருக்கு, 45 முதன்மைக் கலைஞருக்கு, 5 பக்கவாத்தியம், பின்பாட்டுக்காரர்களுக்கு. மாஸ்டரும் உங்களுடையது, பாடியவரும் நீங்கள் என்றால் இரண்டு தகுதியிலும் பதிய வேண்டும். ஒன்றில் மட்டும் பதிந்துவிட்டுப் பாதியை விட்டவர்கள் நிறைய.

பிறர் வீடியோக்களில் உங்கள் ஒலியைக் கண்டுபிடிக்கும் யூடியூபின் கன்டென்ட் ஐடியில் சேர்ப்பதற்குமுன் ஒரு கேள்வி: பாட்டிலுள்ள ஒவ்வொரு ஒலியும் உங்களுக்கு மட்டுமே சொந்தமா? விலைக்கு வாங்கிய லூப்பை (திரும்பத் திரும்ப ஓடவிடும் ஆயத்த ஒலித்துண்டு) ஆயிரம் பேர் பயன்படுத்தியிருப்பார்கள். அதை உங்கள் பெயரில் பதிந்தால் அவர்கள் வீடியோக்களின் மீதெல்லாம் உங்கள் உரிமைக்கோரல் விழும், எதிர்ப்பு வரும், கடைசியில் உங்கள் பதிவையே நீக்குவார்கள். அப்படிப்பட்ட பாட்டை அதில் சேர்க்காதீர்கள்.

2024 முதல் ஸ்பாட்டிஃபையில் ஒரு பதிவு முந்தைய 12 மாதத்தில் 1,000 கேட்பைத் தொட்டால்தான் மாஸ்டர் ராயல்டி உண்டு. 30 விநாடி ஓடினால் ஒரு கேட்பு. அதனால் 40 பாட்டை ஒரேயடியாகக் கொட்டுவதைவிட ஒவ்வொன்றுக்கும் ஆறேழு வாரம் கொடுத்து அந்த எண்ணைத் தாண்டவைப்பது நல்லது. இந்த இடத்தில்தான் '10,000 கேட்பு உறுதி' என்று பிளேலிஸ்ட் விற்கிறவர்கள் வருவார்கள். வாங்காதீர்கள். போலிக் கேட்பு தெரிந்தால் ஸ்பாட்டிஃபை விநியோகஸ்தருக்குப் பாட்டு வாரியாக அபராதம் போடுகிறது, அவர் அதை உங்கள் கணக்கில் கழித்துப் பாட்டையும் இறக்கிவிடலாம். திடீரென்று உங்களுக்குத் தொடர்பே இல்லாத ஒரே நகரத்திலிருந்து கேட்பு குவிந்தால், அது நீங்கள் கேட்காமலே நடந்ததாக இருந்தாலும், அன்றே ஸ்கிரீன்ஷாட்டுடன் விநியோகஸ்தருக்கு எழுதி வையுங்கள்.

விநியோகஸ்தரை மாற்றும்போது வரிசை முக்கியம். பழைய கணக்கிலிருந்து ஐஎஸ்ஆர்சி எண்களை முதலில் எழுதி எடுங்கள். புதிய இடத்தில் அதே ஒலிக்கோப்பு, அதே தலைப்பு, அதே எண்ணோடு ஏற்றுங்கள். கடைகளில் இரண்டும் தெரியும் வரை பொறுங்கள். அதற்குப் பிறகே பழையதை இறக்குங்கள். முதலில் இறக்கிவிட்டுப் பிறகு ஏற்றினால் கேட்பு எண்ணிக்கையும், பிளேலிஸ்ட்டுகளில் கிடைத்த இடமும் போய்விடும்.

நேரடி விற்பனை

இசை விற்கும் தளமான பேண்ட்கேம்ப் டிஜிட்டல் விற்பனையில் 15 சதவீதம் எடுக்கிறது, மின்மடல் தளமான சப்ஸ்டாக் கட்டணச் சந்தாவில் 10 சதவீதம். அதோடு பணப்பரிமாற்றக் கட்டணம் தனி. அந்தக் கட்டணத்தில் ஒரு நிலையான சிறுதொகை இருப்பதைக் கவனியுங்கள். 2.9 சதவீதமும் 30 சென்ட்டும் பிடித்தால், 1 டாலர் பாட்டில் 33 சென்ட் போகிறது, மூன்றில் ஒன்று. 10 டாலர் தொகுப்பில் 59 சென்ட்தான். ஆகவே நேரடியாக விற்கும்போது உதிரியை விற்காதீர்கள், சேர்த்துக் கட்டி விற்றால்தான் பொருந்தும்: நாவலோடு அதன் ஒலிவடிவம், ஆல்பத்தோடு ஸ்வரக்குறிப்பு.

நேரடியில் கிடைக்கும் உண்மையான சொத்து வாசகரின் மின்னஞ்சல் முகவரி. கடைகள் அதைத் தருவதில்லை. அனுமதி கேட்டு வாங்கி, ஒரு படியை உங்கள் கணினியிலும் சேமியுங்கள். விற்ற இபப்பைத் திறக்கத் தெரியவில்லை என்று வரும் மடல்கள்தான் முதல் வாரத்தின் பெரும்பாடு. வாங்கியதும் போகும் மடலிலேயே, கோப்பைக் கிண்டிலுக்கு அனுப்பும் சென்ட் டு கிண்டில் சேவை மூலம் அனுப்புவது எப்படி, கைபேசியில் எந்தச் செயலியில் திறப்பது என்று நான்கு வரி எழுதிவிடுங்கள். 2022 முதல் சென்ட் டு கிண்டில் இபப்பை அப்படியே ஏற்கிறது.

வரவைச் சரிபார்ப்பது

கேடிபி பணம் விற்ற மாதம் முடிந்து சுமார் 60 நாளில் வரும். ஸ்ட்ரீமிங் இரண்டு மூன்று மாதம் கழித்து, உரிமைச் சங்கங்கள் இன்னும் தாமதம். எனவே இந்த மாத வரவை இந்த மாத விற்பனையோடு ஒப்பிட்டால் எதுவும் பொருந்தாது. அறிக்கையில் 'விற்ற மாதம்' என்ற பத்தியை வைத்தே கூட்டுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஷீட்டில் ஒவ்வொரு எண்ணுக்கும் எதிரே ஒவ்வொரு மடையின் தொகையையும் நிரப்புங்கள். ஸ்ட்ரீமிங்கில் மாஸ்டர் பணம் வந்திருக்க, ஓராண்டு ஆகியும் படைப்புப் பணம் பூஜ்யமாக இருக்கும் வரி கண்ணில் படும். அந்தப் பாட்டு சங்கத்தில் பதியப்படவில்லை, அல்லது ஐஎஸ்ஆர்சி இணைக்கப்படவில்லை. ஒரு மடலில் சரியாகிற வேலை, ஆனால் பழைய பாக்கியைக் கேட்கக் காலக்கெடு உண்டு.

அமெரிக்க நிறுவனங்கள் வெளிநாட்டவரின் ராயல்டியில் வரிப் படிவம் இல்லையென்றால் 30 சதவீதம் பிடித்துக்கொள்ளும். டபிள்யு-8பென் படிவத்தில் உங்கள் நாட்டு வரி எண்ணைக் கொடுத்தால், அமெரிக்காவோடு வரி ஒப்பந்தம் உள்ள நாட்டவருக்கு அது குறையும். படிவத்திலுள்ள பெயரும் வங்கிக் கணக்கிலுள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கட்டும், முதலெழுத்துப் புள்ளி உட்பட.

கடைசியாக ஒன்று, பலரும் தள்ளிப்போடுவது. பதிப்புரிமை படைத்தவர் இறந்த பிறகும் குறைந்தது 50 ஆண்டு நீடிக்கும் என்பது பெர்ன் ஒப்பந்தத்தின் பொது விதி. பல நாடுகளில் 60, 70 ஆண்டு. ஆனால் விநியோகஸ்தரின் ஆண்டுச் சந்தா உங்கள் ஒரு கார்டில்தான் ஓடுகிறது. அது நின்றால் அடுத்த புதுப்பித்தலிலேயே பாட்டுகள் இறங்கத் தொடங்கும். உரிமை ஷீட், பங்குத்தாள்கள், மூல வேவ், இபப் கோப்புகள், எந்தக் கணக்கு எந்த மின்னஞ்சலில் என்ற பட்டியல், சங்கத்தில் நியமித்த வாரிசின் பெயர் ஆகியவற்றை ஒரு பென்டிரைவிலும் ஒரு காகிதக் கோப்பிலும் வைத்து, வீட்டில் ஒருவரை உட்காரவைத்து ஒருமுறை திறந்து காட்டிவிடுங்கள்.